வோல்தெர்ராவுக்கு நான்கு முறை போனேன்

என் முதல் வோல்தெர்ரா பயணம் பாதி வீணாய்ப் போனது. போன நாள் ஞாயிற்றுக்கிழமை. பீசாவிலிருந்து ரயிலில் போன்தெதேரா, அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏற்றம் என்று எளிதாகத்தான் தெரிந்தது. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞாயிறுகளில் திரும்பி வர ஓரிரண்டு வண்டிகளே உண்டு என்று தெரிந்தது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையும் முந்தைய பருவத்துடையது. கையில் இருந்த இரண்டரை மணி நேரத்தில் ஓடி ஓடிப் பார்த்தேன். மஞ்சள் கல் சுவர்கள், ஏறி இறங்கும் தெருக்கள், ஒரு பெரிய சதுக்கம். இத்தாலியில் எந்த மலையூருக்குப் போனாலும் இவ்வளவு காணக் கிடைக்கும்.

திரும்பும் வழியில் என் மகள் சொன்னாள்: "தலைகீழாகப் பார்த்துவிட்டோம் அப்பா. இந்த ஊரை வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும் என்று என்னுடன் வேலை பார்க்கும் பெண் சொன்னாள். நாம் நேராக நடுவில் போய் இறங்கிவிட்டோம்."

அவள் பீசாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவளுடன் தங்கியிருந்தேன். நான் நீர்வளத் துறையில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏரிக்கரை, மதகு, தடுப்புச் சுவர், வடிகால் என்றே என் வாழ்க்கை போனது. அந்தக் கண்ணோடு இன்னும் மூன்று முறை, வேலை நாள்களில், வோல்தெர்ராவுக்குப் போனேன். ஒரு முறை இரவும் தங்கினேன். அந்த ஊரின் வரலாறு என்று நான் புரிந்துகொண்டதெல்லாம் தண்ணீர் எதைக் கொண்டுபோனது, மண் எதைக் காத்து வைத்தது என்பதுதான்.

ஆகவே போகிறவர்களுக்கு முதல் வார்த்தை: சதுக்கத்தில் தொடங்காதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊருக்கு வடமேற்கே, சான் பிரான்செஸ்கோ வாயில் வழியாக வெளியேறி, சான் ஜுஸ்தோ தேவாலயத்தைத் தாண்டி நடந்து போங்கள். அங்கே நிலம் முடிந்துவிடுகிறது. பால்ட்ஸே என்று அதைச் சொல்கிறார்கள். செங்குத்தாக அறுந்து விழுந்த மலைச் சரிவு. மேலே மணலும் மஞ்சள் நிற மணற்பாறையும்; அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். மேல் அடுக்கு மழையை உறிஞ்சிக் கீழே விடுகிறது. களிமண் அதற்குமேல் விடுவதில்லை. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் தேங்கிப் பக்கவாட்டில் கசிந்து, களிமண்ணை ஊறவைத்து அரித்துவிடுகிறது. அடியில் பிடிப்புப் போனதும் மேலே இருப்பது அப்படியே பிளந்து சரிகிறது. ஏரிக்கரை உடைவதற்கு முன் நாங்கள் எதைப் பார்த்துப் பயப்படுவோமோ, அதேதான் இங்கே ஒரு மலையளவில் நடக்கிறது.

இந்தச் சரிவு, ரோமருக்கு முன்பே இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் என்ற மக்களின் இடுகாட்டை விழுங்கியிருக்கிறது. அவர்கள் கட்டிய கோட்டைச் சுவரின் ஒரு பகுதியை விழுங்கியிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பழைய சான் ஜுஸ்தோ தேவாலயத்தையும் கொண்டுபோனது. இன்று நாம் தாண்டி வருவது அதற்குப் பிறகு பின்னே தள்ளிக் கட்டியது. விளிம்புக்கு அருகே 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு துறவியர் மடம் இடிந்து நிற்கிறது. 1846-இன் நிலநடுக்கத்தில் அடிபட்டது. சரிவும் நெருங்கி வந்ததால் 1861-இல் துறவிகள் அதை விட்டுப் போய்விட்டார்கள். மாலை வெயிலில் அந்தச் சரிவு பொன் நிறமாகிறது. எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் விளிம்புக்குப் போகாதீர்கள் என்பது நான் தொழில்முறையில் சொல்கிற எச்சரிக்கை.

அங்கிருந்து திரும்பும்போது சாந்தா கியாரா பகுதியில் எத்ருஸ்கர் சுவரின் மிச்சம் நிற்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முழுமையாக இருந்தபோது சுற்றளவு 7 கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே அடங்கிய நிலம் 116 ஹெக்டேர். வயல்கள், மேய்ச்சல், ஊற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துப்போட்ட சுவர் அது. 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இன்றைய ஊர்ச்சுவர் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் சுற்றிவருகிறது. இதைக் காலால் நடந்து உணர்ந்த பிறகுதான், சுமார் 10,000 பேர் வாழும் இந்த ஊர் எப்பேர்ப்பட்ட நகரத்தின் மிச்சம் என்பது எனக்கு உறைத்தது. எத்ருஸ்கர்களின் பன்னிரு நகரங்களில் ஒன்று இது. அவர்கள் வைத்த பெயர் வெலத்ரி. ரோமர் அதை வொலாதெர்ரே ஆக்கினார்கள்.

அடுத்தது போர்தா அல்லார்கோ, வளைவு வாயில். எத்ருஸ்கர் காலத்து வாயில். வளைவை ரோமர் காலத்தில் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். வளைவின் இரு பக்கமும் உச்சியிலும் மூன்று கரிய கல் தலைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. காற்றும் மழையும் தின்றுவிட்டன. யாருடைய தலைகள் என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட 1944 ஜூன் 30 முக்கியமாகப்பட்டது. நேச நாட்டுப் படைகள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. பின்வாங்கும் ஜெர்மன் படை இந்த வாயிலை வெடிவைத்துத் தகர்த்து வழியை அடைக்கத் திட்டமிட்டது. ஊர்க்காரர்கள் ஜெர்மன் அதிகாரியிடம் போய், வாயிலை நாங்களே அடைத்துத் தருகிறோம் என்று கேட்டு, ஒரே நாள் அவகாசம் வாங்கினார்கள். வாயிலுக்கு ஏறிவரும் தெருவின் தளக்கற்களைக் கையாலும் கடப்பாரையாலும் பெயர்த்து, வளைவு முழுவதையும் கல்லால் அடைத்தார்கள். வாயில் பிழைத்தது. போர் நகர்ந்த பிறகு கற்களை எடுத்து மறுபடி தெருவில் பதித்தார்கள். அந்தத் தெருவில் நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள். நல்ல பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்தில் அந்தக் கற்கள் வழுக்கும்.

வாயிலைப் பார்த்த சூட்டோடு குவார்னாச்சி அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். ஏனென்றால் அங்கே, இறந்தவரின் சாம்பலை வைத்த ஒரு கல் பேழையில் இதே வாயில் செதுக்கப்பட்டிருக்கிறது. காட்சி தீப்ஸ் நகர முற்றுகை, கிரேக்கக் கதை. ஆனால் சிற்பி வோல்தெர்ராக்காரன். தீப்ஸின் வாயிலைச் செதுக்கச் சொன்னபோது, தான் தினமும் நுழைந்து வெளியேறிய வாயிலையே மூன்று தலைகளோடு செதுக்கிவிட்டான். பேழையில் அந்தத் தலைகளுக்கு இன்னும் முகம் இருக்கிறது. வெளியே மழையில் நின்றவற்றுக்கு இல்லை. காலையில் வாயிலையும் ஒரு மணி நேரம் கழித்துப் பேழையையும் பார்த்தபோது என் கண் கலங்கியது.

இந்த அருங்காட்சியகம் 1761-இல் மாரியோ குவார்னாச்சி என்ற பாதிரியார் தன் சேகரிப்பையும் நூலகத்தையும் ஊர்மக்களுக்கே எழுதிக்கொடுத்ததில் பிறந்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்று. உள்ளே 600-க்கும் மேற்பட்ட சாம்பல் பேழைகள். எத்ருஸ்கர்கள் இங்கே இறந்தவரை எரித்துச் சாம்பலைச் சிறு பெட்டிகளில் வைத்தார்கள். சுண்ணக்கல், சுடுமண், வெளிச்சம் ஊடுருவும் மென்கல்லான அலபாஸ்தர் என்று வசதிக்கேற்ற பொருளில். மூடியின் மேல் இறந்தவர் விருந்தில் சாய்ந்திருப்பதுபோல் உருவம். தலை பெரிதாக, உடல் குட்டையாக. பெட்டியின் முகப்பில் ஒரு கதை: ட்ராய் போர், ஒடிஸியஸ், அல்லது குதிரையிலோ மூடுவண்டியிலோ கீழுலகுக்குப் போகும் பயணம்.

அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போனபோது இந்த அறைகளில் எனக்குத் தலை சுற்றியது. ஒன்றுபோல ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தால் கண் எதில் நிற்கும்? இரண்டாம் முறை போவதற்கு முன் மகள் எனக்கு ஏழு எழுத்துகள் கற்றுக்கொடுத்தாள். எத்ருஸ்கர்கள் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அவர்களுடைய எழுத்து கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒலி தெரியும், பல சொற்களுக்குப் பொருள்தான் தெரியாது. ஊரின் பழைய வெண்கலக் காசில் ஒரு பக்கம் கூர்த்தொப்பி போட்ட இரட்டை முகம். மறுபக்கம் விளிம்பைச் சுற்றி ஊரின் பெயர், ஏழே எழுத்து. காசின் முன்னால் நின்று வலமிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன்: வெ, ல, த், ரி என்று ஒலி கூடி வந்தது. 67 வயதில் இன்னொரு மொழியில் முதல் சொல் படிக்கும் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது.

அதன் பிறகு பேழைகள் பேச ஆரம்பித்தன. மூடிகளின் கீழ் ஓரத்தில் எழுத்து இருந்தால், அதில் 'ரில்' என்ற சொல்லைத் தேடுங்கள். மூன்றே எழுத்து. வயது என்று பொருள். அதற்குப் பின் எண் வரும். அவர்கள் எண்கள் ரோம எண்களுக்கு உறவு; பத்துக்கு எக்ஸ் போன்ற குறி, ஐந்துக்குத் தலைகீழாய்க் கவிழ்த்த வி. அது தெரிந்தால், கல்லில் சாய்ந்திருக்கும் அந்த மனிதர் எத்தனை வயதில் இறந்தார் என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து வயதுகளையே படித்தேன்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொண்டு போங்கள்: செய்க்னா. எத்ருஸ்கர் செல்வக் குடும்பம். ரோமர் ஆட்சியில் அதே குடும்பம் சேச்சினா என்று லத்தீன் உருவில் தொடர்ந்தது. ரோமின் உள்நாட்டுப் போரில் வோல்தெர்ரா தோற்கும் கட்சிக்கு அடைக்கலம் கொடுத்தது. வென்ற தளபதி சுல்லாவின் படை கி.மு. 82 முதல் 80 வரை இரண்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தது. நிலத்தையும் குடியுரிமையையும் பறிக்கும் சட்டம் வந்தது. பிறகு கி.மு. 69 வாக்கில் அவுலஸ் சேச்சினா என்பவரின் நில வழக்கில் ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோ வாதாடினார். அந்த வாதம் இன்றும் கிடைக்கிறது. தோற்ற ஊரின் குடும்பம் இரண்டு தலைமுறைக்குள் மறுபடி தலையெடுத்து, பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஊருக்கு ஒரு நாடக அரங்கையே கட்டிக்கொடுத்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூடியில் இருக்கும் கிழவரும் கீழே இருக்கும் பெட்டியும் பல இடங்களில் ஒருவருக்கு உரியவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் கல்லறைகளைத் திறந்தவர்கள் மூடியையும் பெட்டியையும் தனித்தனியே எடுத்துவந்து, பின்னர் அளவுக்குப் பொருந்தியதைப் பொருத்தினார்கள். ஆகவே முகத்தைப் பார்த்துக் கீழே உள்ள கதையோடு முடிச்சுப் போடாதீர்கள். தோண்டியபோது எது எதன்மேல் இருந்தது என்று ஒரு வரி குறித்திருந்தால் போதும். அது இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பள்ளம் தோண்டினால் மண் அடுக்குகளைக் குறித்து வை என்று எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த மேலதிகாரியை அங்கே நினைத்துக்கொண்டேன்.

'மாலை நிழல்' என்று அழைக்கப்படும் மெலிந்து நீண்ட வெண்கலப் பையன் சிலையையும் எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள், உயரம் 57.5 சென்டிமீட்டர். அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சுடுமண்ணில் செய்த வயதான தம்பதி. இருவர் முகத்திலும் சுருக்கம். அவள் அவனை உற்றுப் பார்க்கிறாள். நான் என் மனைவியை இழந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேழையின் முன்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

இப்போது அரங்குக்கு வருகிறேன். சேச்சினாக்கள் கட்டிய அதே அரங்கு, ஊரின் வடக்குச் சரிவில், வல்லெபோனா என்ற இடத்தில் இருக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போவதற்கு முன், மதிலோரமாகப் போகும் மேல் தெருவிலிருந்து குனிந்து பாருங்கள். கட்டணம் இல்லை. முழு அமைப்பும் வரைபடம் போலக் கிடக்கும்: மலைச்சரிவையே தாங்கலாக வைத்துக் கட்டிய அரைவட்டப் படிகள், மேடை, அதன் பின்னால் கொரிந்தியத் தூண்களின் இரண்டு அடுக்குகள், அதற்கும் பின்னால் அரங்கு கைவிடப்பட்ட பிறகு கட்டிய குளியல் மண்டபம்.

நீங்கள் நிற்கும் மதிலிலிருந்துதான் நூற்றாண்டுக் கணக்கில் ஊர் தன் குப்பையைக் கொட்டியது. உடைந்த பானை, இடிபாடு, மண். அரங்கு முழுவதும் மூடிக்கொண்டது. மூடியதால்தான் அதன் கல்லைப் பெயர்த்து வீடு கட்ட யாருக்கும் கை வரவில்லை. 1950-களில் குவார்னாச்சி அருங்காட்சியகத்தின் இயக்குநர் என்ரிகோ ஃபியூமி அதைத் தோண்டத் தொடங்கினார். பணம் இல்லை. ஊரில் சான் ஜிரோலாமோ என்ற பெரிய மனநல மருத்துவமனை இருந்தது. ஒரு காலத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்த இடம். அங்கிருந்த நோயாளிகளே தோண்ட வந்தார்கள். மண்வெட்டியும் கூடையுமாக, ரோம அரங்கை வெளியே கொண்டுவந்தவர்கள் அவர்கள். புத்தகங்களில் ஃபியூமியின் பெயர் நிற்கிறது. அவர்கள் 'நோயாளிகள்' என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறார்கள். பல ஆயிரம் கன மீட்டர் மண் வெட்டும் வேலைகளை மேற்பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சரிவில், தூண் உடையாமல், மதில் சாயாமல் மண் எடுப்பது தேர்ந்த கைகளின் வேலை.

அதே மருத்துவமனையில் அடைபட்டிருந்த ஃபெர்னாந்தோ ஒரெஸ்தே நன்னெத்தி என்பவர் தன் சீருடையின் உலோகக் கொக்கியால் கட்டடத்தின் வெளிச்சுவர் நெடுகக் கீறி எழுதினார், ஆண்டுக் கணக்கில். மனநல மருத்துவமனைகளை மூடச் சொன்ன 1978-இன் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனை மூடப்பட்டது. பூச்சு மழையில் உதிரத் தொடங்கியதால் சில பகுதிகளைப் பெயர்த்துப் பாதுகாத்திருக்கிறார்கள். கைவிட்ட கட்டடங்களுக்குள் தனியாக நுழையவேண்டாம். கூரைகள் நம்பத்தக்கவை அல்ல.

2015-இல் நடந்ததைக் கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. தியானா வாயிலுக்கு அருகே, கல்லறைத் தோட்டத்துப் பக்கம், ஒரு ஓடையைச் சீர்படுத்தும் வேலை நடந்தது. வடிகால் வேலை. தோண்டியபோது வளைந்து போகும் சுவர் ஒன்று தட்டுப்பட்டது. வளைவை அளந்து பார்த்தால் நீள்வட்டம். சுமார் 80 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ரோமர் காலத்து விளையாட்டு வட்டரங்கு! கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அதைப் பற்றி எந்தப் பழைய நூலிலும் ஒரு வரி கிடையாது. நகரத்தின் இவ்வளவு பெரிய கட்டடம், எல்லோரும் அறிந்த ஊரின் வாசலில், யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. மேலிருந்து அரித்து வந்த மண் மூடிவிட்டது. அங்கே போக விரும்பினால், உள்ளே விடும் நாள்களைச் சதுக்கத்தில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். நான் போன நாள் வேலியோரமாக நின்றுதான் பார்க்க முடிந்தது. குழியின் ஓரங்களைப் பார்த்தாலே போதும். மண் அடுக்கு அடுக்காக இறங்கியிருப்பது தெரியும்.

1472-ஐப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. படிகாரச் சுரங்கம் ஒன்றின் உரிமைக்காக எழுந்த தகராறில் ஃபுளோரன்ஸை ஆண்ட லொரென்ஸோ தெ மெதிச்சி, உர்பினோவின் பிரபு ஃபெதெரிகோவைப் படையுடன் அனுப்பினார். ஊர் சரணடைந்த பிறகும் சூறையாடப்பட்டது. பின்னர் லொரென்ஸோ கட்டிய பெருங்கோட்டை மலை உச்சியில் நிற்கிறது. இன்று அது சிறைச்சாலை. அதன் கீழே ஃபியூமியின் பெயரிட்ட தொல்லியல் பூங்காவில் எத்ருஸ்கர் கோயில்களின் அடித்தளங்களும், நிலத்தடியில் தூண்கள் தாங்கும் வளைகூரையோடு ஒரு ரோமத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. முட்டிவலி உள்ளவர்கள் தொட்டியில் இறங்கும்போது கவனம்.

வாங்கிவர நினைப்பவர்களுக்கு அலபாஸ்தர் பற்றிச் சில சொற்கள். இது பளிங்கு அல்ல, ஜிப்சம். நகத்தால் கீறலாம். வெளிச்சம் ஊடுருவும். தண்ணீர் இதற்கு எதிரி. தொட்டியில் போட்டுக் கழுவினாலோ, முற்றத்தில் மழையில் வைத்தாலோ மெருகு போய்விடும். பேழைச் சிற்பங்கள் இவ்வளவு கூர்மையாக நிற்பது கல்லறைக்குள் உலர்ந்து கிடந்ததால்தான். பட்டறையுடன் சேர்ந்த கடையில், கடைசல் ஓடும் இடத்தில், வெள்ளைத் தூசி படிந்த கைகளிடமிருந்து வாங்குங்கள். பொடியைப் பசையில் குழைத்து வார்த்தவையும் விற்பனைக்கு உண்டு. உண்மைக் கல் கையில் சில்லென்று இருக்கும். நான் ஒரு சிறு கிண்ணம் வாங்கினேன்.

பஸ்ஸில் போகிறவர்கள் டிக்கெட்டைக் கீழேயே புகையிலைக் கடையில் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மேலே போனதும் முதல் வேலையாகத் திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடமே கேளுங்கள். குளிர்காலத்தில் அருங்காட்சியகம் சீக்கிரம் மூடும். மலை 500 மீட்டருக்கும் மேல். பீசாவில் வெயில் அடித்தாலும் அங்கே மூடுபனி இருக்கும். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பகலில் வந்தவர்கள் போன பிறகு தெருக்கள் வேறு ஊராகிவிடுகின்றன.

நான் தங்கிய இரவு நல்ல மழை. காலையில் மழை நின்றதும் மதிலோரமாக நடந்தேன். 2014 ஜனவரி 31 அன்று, இதுபோன்ற கனமழைக்குப் பிறகு, ஊரின் மத்தியகால மதிலில் சுமார் 30 மீட்டர் நீளம் சரிந்து விழுந்தது. மேலே வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். சாந்துவைத்துக் கட்டிய சுவருக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்தால் அதன் எடையைச் சுவர் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. எந்தத் தடுப்புச் சுவருக்கும் இதுதான் கதி. அங்கிருந்து மறுபடி சாந்தா கியாராவுக்குப் போனேன். எத்ருஸ்கர்கள் பெரும் கற்களைச் சாந்தே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். இரவு முழுவதும் பெய்த மழை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து, பாசியின் ஊடாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை நிறைய நேரம் ஆகவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது, மண் கலங்கவில்லை.